தும்பி இறக்கையின் பொட்டும் பருந்து இறக்கையின் குட்டி இறகும்: இரண்டுக்கும் ஒரே வேலையா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். தும்பியின் நான்கு இறக்கைகளிலும் முன்விளிம்பில், நுனிக்குச் சற்று உள்ளே, கறுப்பாகவோ பழுப்பாகவோ ஒரு சின்னப் பொட்டு இருக்கிறது. பருந்து வந்து உட்காரும் படங்களைப் பார்த்தால் அதன் இறக்கையிலும் முன்விளிம்பில், மணிக்கட்டு வளைவில், ஒரு குட்டி இறகுக் கொத்து தனியாகத் தூக்கி நிற்கிறது. இரண்டும் முன்விளிம்பில் இருக்கின்றன, இரண்டும் அளவில் அற்பம். அப்படியென்றால் ஒரே வேலையா, இல்லை வெறும் அலங்காரமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு சந்தேகமும் இருப்பதாக எனக்குப் படுகிறது: இத்தனூண்டு சமாசாரம் பறப்பதையே மாற்றிவிடுமா என்ன?

மாற்றிவிடும். ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்யவில்லை. தும்பியின் பொட்டு தன் எடையால் வேலை செய்கிறது; பருந்தின் குட்டி இறகு காற்றோட்டத்தைத் திருப்பி வேலை செய்கிறது. இதில் எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன். நான் உயிரியல் படித்தவன் இல்லை. படித்தது விமானப் பொறியியல். பல வருடம் வேலை பார்த்தது இறக்கைகளின் அதிர்வுச் சோதனையில். பறவையும் தும்பியும் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆகவே எடை, காற்று, அதிர்வு பற்றி நான் சொல்வதைச் சற்று நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். பரிணாமம் பற்றிச் சொல்வது மற்றவர்கள் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டது மட்டுமே.

முதலில் பொட்டு. இதை டெரோஸ்டிக்மா என்பார்கள். தும்பி பார்ப்பவர்கள் பேச்சில் வெறும் ஸ்டிக்மா. நிறம் பூசிய இடம் என்று நினைத்துவிடாதீர்கள். இறக்கையின் மற்ற கட்டங்கள் கண்ணாடித்தாள் போல மெல்லியவை. இந்த ஒரு கட்டம் மட்டும் தடித்து, உள்ளே பூச்சியின் ரத்தம் தேங்க இடம் வைத்து, சுற்றியுள்ளவற்றைவிடக் கனமாக இருக்கிறது. அந்தக் கனம்தான் விஷயம்.

இறக்கை ஒரே நேரத்தில் இரண்டு விதமாக அசையும். மேலும் கீழும் வளையும்; கூடவே தன் நீளவாக்கில் முறுக்கிக்கொள்ளும். தும்பியின் தடித்த நரம்புகள் முன்விளிம்பை ஒட்டி ஓடுவதால் முறுக்கு அச்சும் அங்கேதான் இருக்கிறது. எடை மையம் பெரும்பாலும் அதற்குப் பின்னால் விழும். இப்போது இறக்கை திடீரென மேலே எழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் எடை பின்தங்கும். பின்விளிம்பு தாழும், முன்விளிம்பு தூக்கும். அப்படித் தூக்கியதும் காற்று இறக்கையை இன்னும் மேலே தள்ளும். கீழே வரும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். ஒவ்வொரு அசைவுக்கும் காற்றே தீனி போடுகிறது. மெதுவான வேகத்தில் இந்தத் தீனி போதாமல் அதிர்வு அடங்கிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அடங்காது, வளர்ந்துகொண்டே போகும். லாரியில் சரியாகக் கட்டாத தார்ப்பாய் ஊருக்குள் போகும்போது சும்மா கிடந்து, நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் படபடவென்று அடிக்கத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் தொழிலில் இதற்கு ஃப்ளட்டர் என்று பெயர். விமானத்தில் வந்தால் சில நொடிகளில் இறக்கையே பிய்ந்துவிடும்.

மருந்து எளிமையானது. முறுக்கு அச்சுக்கு முன்னால் கொஞ்சம் எடையை வைத்தால் போதும். எடை மையம் முன்னே நகரும். வளைவதற்கும் முறுக்குவதற்கும் இடையிலுள்ள தொடுப்பு தளரும். ஃப்ளட்டர் தொடங்கும் வேகம் மேலே ஏறும். நெதர்லாந்தில் பாம்ஹவர், கோனிங் என்ற இருவர் 1920-களின் தொடக்கத்தில் விமான இறக்கையின் பின்விளிம்பிலுள்ள அசையும் பலகைக்கு இந்த வழியைச் சொன்னார்கள். அந்தப் பலகைகளின் கீலுக்கு முன்னால் ஈயமோ எஃகோ வைத்துச் சமன் செய்வது அதன் பிறகு சாதாரண வழக்கமாகிவிட்டது. தும்பி அதே எடையை இறக்கையின் முன்விளிம்பிலேயே வைத்திருக்கிறது. அதுவும் நுனிக்குப் பக்கத்தில். இறக்கையின் அடிப்பகுதியைவிட நுனிப்பக்கம் பல மடங்கு அதிகமாக அசைகிறது. அதனால் அதே துளி எடை அங்கே வைத்தால் அதிகம் பேசும். எங்கள் ஆட்களிடம் ஒரு தும்பி இறக்கையைக் கொடுத்து, இதில் ஒரே ஒரு இடத்தில் எடை சேர்க்கலாம், எங்கே சேர்ப்பீர்கள் என்று கேட்டால் ஏறக்குறைய அதே இடத்தில்தான் பேனாவை வைப்பார்கள்.

இதை எண்களோடு காட்டியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஓக்கே நோர்பெர்க், ஆண்டு 1972. ஒரு தும்பி இனத்தில் அந்தப் பொட்டுகளின் மொத்த எடை உடல் எடையில் 0.1 சதவீதம்தான். ஆனால் சிறகடிக்காமல் மிதக்கும்போது ஃப்ளட்டர் தொடங்கும் வேகத்தை அவை 10 முதல் 25 சதவீதம் வரை உயர்த்துகின்றன என்று அவர் சொன்னார். ஆயிரத்தில் ஒரு பங்கு எடை, கால்வாசி வரை கூடுதல் வேகம். சின்ன சமாசாரம் என்ன செய்துவிடும் என்ற சந்தேகத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் அவர் சொன்னார். பூச்சியின் இறக்கைக்குள் தசை கிடையாது, தசையெல்லாம் மார்புக்குள். ஒவ்வொரு அடியின் முடிவிலும் இறக்கை புரள வேண்டும், காற்றை எதிர்கொள்ளும் கோணம் மாற வேண்டும். நுனிப் பக்கத்தை நேரடியாகத் திருப்ப வழியில்லாதபோது எடை எங்கே இருக்கிறது என்பதே ஒரு கட்டுப்பாடு ஆகிவிடுகிறது. மிதக்கும்போது மட்டுமல்ல, சிறகடிக்கும்போதும் அந்தப் பொட்டுக்கு வேலை உண்டு.

இதில் இயற்பியல் உறுதி. எடை முன்னால் போனால் ஃப்ளட்டர் தள்ளிப்போகும் என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. ஆனால் அந்த 10, 25 என்பவை ஒரு இனத்துக்கான எண்கள். இணையத்தில் அவற்றை எல்லாத் தும்பிகளுக்கும் பொதுவாக்கி எழுதுகிறார்கள், அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். மழைக்காலத்தில் நம் ஊர் மைதானங்களுக்கு மேல் கூட்டம் கூட்டமாக மிதக்கும் மஞ்சள் தும்பியை எடுத்துக்கொள்ளுங்கள். மாலத்தீவில் வாழ்ந்த சார்ல்ஸ் ஆண்டர்சன் 2009-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, இந்தியாவிலிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகிறது என்று பேசப்படும் அதே இனம். அதன் முன்னிறக்கைப் பொட்டு பின்னிறக்கைப் பொட்டைவிட நீளம். இரண்டு ஜோடி இறக்கைகளுக்கும் அகலமும் வடிவமும் வேறு என்பதால் தேவைப்படும் எடையும் வேறாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் என்ற அளவில் விட்டுவிடுங்கள்.

ஒரு உறுப்பு எதற்கு என்று கேட்டால், அது இல்லாதவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்ப்பது நல்ல பழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பாறைமேல் உட்கார்ந்து பச்சைப் பளபளப்போடு பின்னிறக்கையை விரித்துக் காட்டும் ஒரு ஊசித்தும்பி உண்டு. நியூரோபேசிஸ் சைனென்சிஸ் என்பது அறிவியல் பெயர். அதன் ஆணுக்குப் பொட்டே கிடையாது. பெண்ணுக்கு அந்த இடத்தில் வெள்ளையாக ஒன்று இருக்கும். அதுவும் குறுக்கே நரம்புகள் ஓடும் போலிப் பொட்டு. அகன்ற இறக்கை, நெருக்கமான நரம்புகள், ஓடைக்கு மேலே நிதானமாகத் துள்ளும் பறத்தல். வேகமாக மிதந்து போகும் வாழ்க்கை இல்லாததால் எடை தேவைப்படவில்லை என்று சொன்னால் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் இன்னொரு உதாரணம் கொஞ்சம் இடிக்கிறது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, இறக்கை விரித்தால் 65 சென்டிமீட்டருக்கு மேல் வந்த மெகானியூரா போன்ற ராட்சதப் பூச்சிகள் தும்பியின் நெருங்கிய உறவுகள். அவற்றின் இறக்கையில் இந்தப் பொட்டு இல்லை. இல்லாமலே பறந்திருக்கின்றன. ஆக, பறப்பதற்கே இது கட்டாயம் என்று சொல்ல முடியாது. பறக்கக்கூடிய வேகத்தின் எல்லையை விரிக்கிறது என்று சொல்வதுதான் சரி.

அலங்காரமா என்ற உங்கள் கேள்வியை முழுவதும் தள்ளிவிடவும் மாட்டேன். குளத்தோரப் புல்லில் தென்படும் இஷ்னூரா வகை ஊசித்தும்பிகளில் ஆணின் முன்னிறக்கைப் பொட்டும் பின்னிறக்கைப் பொட்டும் நிறத்தில் வேறுபடும். முன்னிறக்கைப் பொட்டிலேயே இரண்டு நிறம் இருக்கும். எடை மட்டும்தான் காரியம் என்றால் நிறம் எப்படி இருந்தால் என்ன? எனவே நிறத்துக்கு ஜோடி தேடுவதிலோ ஆளை அடையாளம் காட்டுவதிலோ ஒரு பங்கு இருக்கலாம். அது என் எல்லைக்கு வெளியே. பூச்சியியல் படித்தவர் யாராவது வந்து சொல்லட்டும்.

இனி பருந்து. அந்தக் குட்டி இறகுக் கொத்தின் பெயர் அலூலா. பறவையின் இறக்கை ஒரு கை. அதில் மிச்சமிருக்கும் கட்டைவிரலில் முளைத்தவை இந்த இறகுகள். பெரும்பாலான பறவைகளில் மூன்று முதல் ஐந்து. விரல் என்பதால் தனியாக அசைக்க முடியும். நேராகப் பறக்கும்போது இறக்கையோடு படிந்து கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. வேகம் குறைந்து, உடல் நிமிர்ந்து, இறக்கையைச் செங்குத்தாகத் தூக்கிக் கிளையில் இறங்கும் கணத்தில் எழுந்து நிற்கும்.

அந்த நேரத்தில் பறவைக்கு உள்ள ஆபத்து ஸ்டால். இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் ஒரு அளவுக்கு மேல் போனால் மேற்பரப்பை ஒட்டி ஓட வேண்டிய காற்று பிரிந்துவிடும். தூக்குவிசை சடாரென்று விழும். அலூலா இதைத் தள்ளிப்போடுகிறது என்பது வெகுநாளாகத் தெரிந்ததுதான். எப்படித் தள்ளிப்போடுகிறது என்பதில்தான் பாடநூல்களோடு எனக்கு ஒரு சின்னத் தகராறு. விமான இறக்கையின் முன்விளிம்பில் ஒரு பலகை முன்னே நகர்ந்து இடைவெளி விடும். அந்த இடைவெளி வழியாகப் பாயும் காற்று மேற்பரப்புக்குப் புது வேகம் கொடுக்கும். பிரிட்டிஷ் விமானத் தயாரிப்பாளர் ஹேண்ட்லி பேஜ் காலத்திலிருந்து இருக்கும் ஏற்பாடு. அலூலாவும் அதேதான் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவைத்தார்கள். ஆனால் விமானத்தின் பலகை இறக்கையின் நீளத்தில் பெரும்பகுதிக்கு ஓடும். அலூலாவோ நடுவில் ஒரு துண்டு இடத்தில் மட்டும் நிற்கிறது. அவ்வளவு சிறிய இடைவெளி வெளி இறக்கை முழுவதையும் எப்படிக் காப்பாற்றும்?

2015-இல் கொரிய ஆய்வாளர்கள் மேக்பை பறவைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். மேக்பை காக்கைக் குடும்பம்தான். நம் வால்காக்கைக்கு உறவு. அலூலா இருந்தபோது பறவைகள் இன்னும் செங்குத்தாக இறங்கின, இறங்கும்போது உடலை அதிகமாகத் திருப்பின. இறக்கையைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துக் காற்றோட்டத்தைப் படம் பிடித்தபோது, அலூலாவின் நுனியிலிருந்து ஒரு சிறு சுழல் கிளம்பிப் பின்னோக்கி ஓடுவது தெரிந்தது. அந்தச் சுழல் மேற்பரப்புக் காற்றைப் பிரியவிடாமல் பிடித்துவைக்கிறது. சில விமானங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இறக்கையின் மேல் வரிசையாக நிற்கும் சின்னத் தகடுகள் தெரியும். அவற்றின் வேலையும் இதே மாதிரி சுழல் கிளப்புவதுதான். என்னைக் கேட்டால் இந்த விளக்கம் முந்தையதைவிட வலுவானது. இடைவெளியின் அளவு பற்றிய என் உறுத்தலும் இதில் தீர்ந்துவிடுகிறது. அதற்காக இடைவெளி விளக்கம் செத்துப்போயிற்று என்று சொல்ல மாட்டேன். ஒரே உறுப்பு வேறு வேறு கோணத்தில் வேறு வேறு விதமாக வேலை செய்வது காற்றியலில் சகஜம். பறவைக்குப் பறவை இறக்கையின் வடிவமும் மாறுகிறது.

தொல்லுயிர்ச் சான்றும் இதோடு ஒத்துப்போகிறது. மிகப் பழைய பறவைகளில் ஒன்றான ஆர்க்கியாப்டெரிக்ஸில் அலூலா கிடையாது. ஸ்பெயினின் லாஸ் ஓயாஸ் பாறைகளில் கிடைத்து 1996-இல் விவரிக்கப்பட்ட ஈயோஅலுலாவிஸ் என்ற சிறு பறவையில் இருக்கிறது. கிளையில் குறிபார்த்து மெதுவாக இறங்கும் திறமை பிற்பாடு வந்து சேர்ந்தது என்று இதிலிருந்து எழுதுகிறார்கள். நியாயமான வாசிப்புதான், ஆனாலும் வாசிப்பு.

ஆக, முன்விளிம்பில் இருப்பது மட்டும் எதையும் நிரூபிப்பதில்லை. தேனீயின் பின்னிறக்கையின் முன்விளிம்பில் இருபதை ஒட்டிய எண்ணிக்கையில் கொக்கிகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு எடையோடும் சுழலோடும் சம்பந்தமில்லை; முன்னிறக்கையின் பின்விளிம்பு மடிப்பில் மாட்டி இரண்டு இறக்கையையும் ஒன்றாக்குவதுதான் வேலை. தேனீ உட்கார்ந்து இறக்கையை மடித்ததும் கழன்றுவிடும். இதில் விவாதமே இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிகிறது.

ஈயிலும் கொசுவிலும் கதை இன்னும் தெளிவு. அவற்றின் பின்னிறக்கைகள் சுருங்கி, நுனியில் குமிழ் வைத்த இரண்டு குச்சிகளாகிவிட்டன; ஹால்டியர் என்பார்கள். அவற்றை அகற்றினால் ஈ ஒழுங்காகப் பறக்க முடியாமல் விழுகிறது என்று இங்கிலாந்துப் பாதிரியார் வில்லியம் டெர்ஹாம் 1714-லேயே எழுதியிருக்கிறார். காரணத்தை விளக்க 1948-இல் பிரிட்டிஷ் விலங்கியலாளர் பிரிங்கிள் வர வேண்டியிருந்தது. குமிழ் இறக்கையின் தாளத்துக்கு எதிர்த் தாளத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். ஈ திரும்பினால் ஆடும் குமிழின்மேல் பக்கவாட்டில் ஒரு விசை வரும். குச்சியின் அடியிலுள்ள உணர்வுப் புள்ளிகள் அதைப் பிடித்துவிடும். உங்கள் கைபேசி திரும்புவதைக் கண்டறியும் சில்லும் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது. எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்ற சோதனை இவ்வளவு சுத்தமாகப் பதில் சொன்ன உறுப்புகள் குறைவு.

அந்தச் சோதனை குழப்பமான பதில் தரும் இடம் ஆந்தை. கூகையின் வெளி இறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் போல வரிசை இருக்கும், பின்விளிம்பில் மெல்லிய குஞ்சம், மேற்பரப்பில் வெல்வெட். ஆந்தை சத்தமில்லாமல் பறப்பதற்கு இந்த மூன்றும்தான் காரணம் என்று கிரஹாம் என்பவர் 1934-இல் எழுதினார். இன்றுவரை எல்லோரும் அதையே சொல்கிறோம். ஆந்தை சத்தம் குறைவாகப் பறக்கிறது என்பது அளந்து பார்த்த உண்மை. மூன்றில் எது எவ்வளவு குறைக்கிறது என்பது அப்படி இல்லை. சீப்பை அகற்றிப் பார்த்த சோதனைகள் ஒன்றுக்கொன்று ஒத்த முடிவைத் தரவில்லை. வெல்வெட்டின் வேலை காற்றின் சத்தத்தைக் குறைப்பது இல்லை, இறகோடு இறகு உரசும் சத்தத்தைக் குறைப்பதுதான் என்று வாதிடுபவர்களும் உண்டு. 1997-இல் ஓடத் தொடங்கிய ஜப்பானின் 500 வரிசை புல்லட் ரயிலில், மின்கம்பியைத் தொடும் அமைப்பின் இரைச்சலைக் குறைக்க ஆந்தையின் சீப்பைப் பார்த்துத் திருத்தம் செய்தார்கள், பலித்தது. ஆனால் ரயிலில் பலித்தது என்பதற்காக ஆந்தையிலும் அதே காரியம்தான் நடக்கிறது என்று ஆகாது. வேகம் வேறு, அளவு வேறு.

இங்கேயும் இல்லாதவரைத் தேடலாம். நம் ஆற்றோரங்களில் மீன் பிடிக்கும் பூமன் ஆந்தைக்கு இந்த ஏற்பாடுகள் அற்பம். அது பறந்தால் சிறகடிக்கும் சத்தம் கேட்கும். தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு மேலே வரும் சத்தம் எட்டாது, அதனால் ஒளித்துப் பறக்கத் தேவையில்லை என்பது வழக்கமான விளக்கம். ஆனால் கூகை சத்தமில்லாமல் பறப்பது எலிக்குக் கேட்கக் கூடாது என்பதற்காகவா, அல்லது எலியின் சலசலப்பு தன் காதுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவா? பூமன் ஆந்தை காதை நம்பி வேட்டையாடுவதில்லை. ஆகவே அது இரண்டு விளக்கத்துக்கும் ஒரே மாதிரி சாட்சி சொல்கிறது. இந்த ஆந்தையை மட்டும் வைத்து வழக்கைத் தீர்க்க முடியாது.

நீங்களே பார்க்க விரும்பினால், தும்பியிலிருந்து தொடங்குங்கள். சிலந்தி வலையிலும் விளக்குக் கம்பத்தடியிலும் உதிர்ந்த தும்பி இறக்கைகள் கிடைக்கும். பத்து மடங்கு லென்ஸ் போதும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பொட்டின் தடிமன் பக்கத்துக் கட்டங்களிலிருந்து வேறுபடுவது தெரியும். அலூலாவுக்கு மீன் மார்க்கெட் பக்கம் சுற்றும் பருந்துகளைத் தொடர்ச்சியாகப் படமெடுக்கும் வசதியுள்ள கேமராவில் பிடியுங்கள். இறங்குவதற்கு முந்தைய சில படங்களில் கிடைத்துவிடும். ஆந்தை இறகு கீழே கிடந்தால் படம் மட்டும் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆந்தைகள் வருகின்றன. வீட்டில் இறகு வைத்திருந்தால் பிறகு விளக்கம் சொல்வது சங்கடம்.